ஊருக்குள்ள டவுன்ஹில் சைக்கிள் ரேஸ்: கிருஷ்ணகிரி, தர்மபுரி பசங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விங்க

ஞாயித்துக்கிழமை காலைல நாங்க ஏழெட்டு பேர் கியர் சைக்கிள் எடுத்துட்டு கிளம்புவோம், டேம் வரைக்கும் போயிட்டு வந்து பழையபேட்டை பக்கம் டீ குடிப்போம். அங்க வர்ற பசங்க எல்லாரும் ஃபோன்ல ஒரே மாதிரி வீடியோவத்தான் காட்டுறாங்க, ஒருத்தன் படிக்கட்டுல சைக்கிள்ல பறந்து வரான், வீட்டு மாடிய தாண்டுறான், சந்துக்குள்ள நுழையறான், "அண்ணா இத நம்ம ஊர்ல பண்ணலாமா?" அப்படின்னு கேக்குறாங்க. ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா சொல்லி எனக்கு வாய் வலிக்குது, அதான் எழுதியே வெச்சிட்டேன்.

இது என்ன ரேஸ், சாதாரண சைக்கிள் ரேஸுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

மேட்டு மேல ஸ்டார்ட், கீழ ஃபினிஷ், நடுவுல ஊரு. அவ்ளோதான். காட்டுக்குள்ள மலைல இருந்து இறங்குற டவுன்ஹில் ரேஸ் தனியா இருக்கு, அதையே தூக்கிட்டு வந்து மலை மேல கட்டுன டவுனுக்குள்ள வெச்சா இது. மண்ணு, வேர், பாறைக்கு பதிலா இங்க படிக்கட்டு, சந்து, சாக்கடை மூடி, மதில் சுவர். அதுக்கு மேல நடத்துறவங்களே பலகைல சறுக்கு அடிச்சு வெப்பாங்க, சுவர் மேல சாய்ஞ்சு ஓட்டுற மாதிரி பலகை வளைவு போடுவாங்க, ஒரு மொட்டை மாடிலருந்து எதிர்ப்பக்கம் தாவுற மாதிரி ஜம்ப் போடுவாங்க. பாதை பொதுவா ஒன்னு, ரெண்டு கிலோமீட்டர் இருக்கும், நல்லா ஓட்டுறவன் ரெண்டு மூணு நிமிஷத்துல கீழ வந்துடுவான்.

எல்லாரும் ஒன்னா கிளம்புவாங்களா?

இல்ல, இங்கதான் நிறைய பேர் தப்பா நெனச்சிக்கிறாங்க. ஒவ்வொருத்தரா விடுவாங்க. ஒருத்தன் கிளம்பி கொஞ்ச நேரம் விட்டு அடுத்தவன். யாரு கம்மி நேரத்துல கீழ வரானோ அவன் ஜெயிச்சான்.

நம்ம ஆளுங்களுக்கு இத புரிய வெக்க ரொம்ப மெனக்கெட வேண்டியதே இல்ல, பொங்கல் முடிஞ்சதும் நம்ம மாவட்டத்துல ஊர் ஊரா நடக்குற எருது விடும் விழா இருக்கே, அதே கணக்குதான். தெருவோட ரெண்டு பக்கமும் கட்டை கட்டி, ஒவ்வொரு மாடா அவுத்து விட்டு, குறிப்பிட்ட தூரத்த எது கம்மி நொடில தாண்டுதுன்னு பாத்து பரிசு குடுக்கறாங்களே. மாட்டுக்கு பதிலா சைக்கிள்னு வெச்சுக்கோங்க. ஒரே ஒரு வித்தியாசம், மாடு பாதைய முன்னாடியே நடந்து பாக்காது. சைக்கிள்காரன் பாப்பான், ஒரு தடவை இல்ல பத்து தடவை நடந்து பாப்பான், எந்தப் படி உடைஞ்சிருக்கு, எந்த திருப்பத்துல மண்ணு கிடக்கு எல்லாம் மனசுல ஏத்திப்பான். அப்புறம் பிராக்டிஸ் ரன், அப்புறம் தகுதிச் சுத்து, கடைசியா ஃபைனல். ஃபைனல்ல வழக்கமா தகுதிச் சுத்துல மெதுவா வந்தவன் முதல்ல போவான், வேகமா வந்தவன் கடைசில போவான், அதனால கடைசி ஆள் கீழ வர்ற வரைக்கும் கூட்டம் கலையாது.

எந்தெந்த ஊர்ல நடக்குது?

பேர் வாங்குனது ரெண்டு ஊரு. ஒன்னு போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன், அங்க 2000ல ஆரம்பிச்சாங்க, மேல இருக்கிற சாவோ ஜோர்ஜ் கோட்டைலருந்து அல்ஃபாமாங்கிற பழைய குடியிருப்பு வழியா ஆத்தங்கரை வரைக்கும் இறக்கமா இருந்தது. இங்கிலாந்துக்காரர் ஸ்டீவ் பீட் அத பல தடவை ஜெயிச்சவர், அவரு 2009ல டவுன்ஹில் உலக சாம்பியனும் ஆனாரு.

இன்னொன்னு தென் அமெரிக்கால சிலி நாட்டு வல்பராய்சோ. நீங்க காட்டுற வீடியோல பாதி அங்க எடுத்ததுதான். கடலோரத் துறைமுகம், பின்னாடி சுத்தி நாப்பதுக்கு மேல குன்னு, குன்னு மேல எல்லாம் தகர ஷீட் அடிச்ச கலர் கலர் வீடுங்க. மேல ஏறிப்போக தண்டவாளத்துல ஓடுற லிஃப்ட் மாதிரி ஒன்னு வெச்சிருக்காங்க, முதலாவது 1883ல போட்டது. அந்த ஊர் பழைய பகுதிய யுனெஸ்கோ 2003ல உலகப் பாரம்பரியச் சின்னம்னு அறிவிச்சது, அதே 2003லதான் அங்க ரேஸும் ஆரம்பிச்சது. ரேஸ் பேரு செர்ரோ அபாஹோ, அப்படின்னா குன்னுலருந்து கீழன்னு அர்த்தம். ஸ்லோவாக்கியாவோட ஃபிலிப் போல்ட்ஸ், செக் நாட்டு தோமாஷ் ஸ்லாவிக் ரெண்டு பேரும் அங்க ஒரு தடவைக்கு மேல ஜெயிச்சவங்க.

இது இல்லாம மெக்சிகோல தாஸ்கோ, அது வெள்ளி வேலைக்குப் பேர் போன மலை ஊரு, அங்க பாதை ஒரு வீட்டுக்குள்ளயே நுழைஞ்சு வெளிய வரும். அதே மெக்சிகோல குவானஹுவாடோ, கொலம்பியால மெதெயின், பிரேசில்ல சாந்தோஸ்னு நிறைய இருக்கு. கொலம்பியாவோட பொகோட்டால மொன்செரேட் மலை மேல இருக்கிற சர்ச்லருந்து இறங்குற ரேஸுல ஆயிரம் படிக்கட்டுக்கு மேல வரும். நம்ம ஊர் மலைக்கோயில் படியெல்லாம் அதுக்கு முன்னாடி குழந்தை.

ஒன்னு கவனிச்சீங்களா, இந்த ஊர் எல்லாத்துலயும் மக்கள் மேட்டு மேல நெருக்கமா வீடு கட்டி குடியிருக்காங்க, வண்டி போகாத படிக்கட்டுச் சந்துதான் அவங்களுக்கு தெரு. அதான் பாதை தானா அமைஞ்சிருக்கு.

மலைல சைக்கிள்ல இறங்கி ரேஸ் விடுற பழக்கம் யார் ஆரம்பிச்சது?

மலை இறக்கத்துல சைக்கிள் ஓட்டுனவன் எல்லா நாட்டுலயும் இருந்திருப்பான், நம்ம பால்காரரு எத்தனை பேர் கேன் கட்டிட்டு இறங்கியிருக்காங்க. ஆனா டைம் பாத்து ரேஸா நடத்துனதுல பேர் போனது அமெரிக்காவோட கலிஃபோர்னியால மரின் கவுண்டிங்கிற இடம், 1976 அக்டோபர்ல முதல் ரேஸ். அந்தப் பாதைக்கு ரீபேக்னு பேரு. ஏன்னா அப்போ அவங்க ஓட்டுனது பழைய கனமான சைக்கிள், பெடலை பின்னாடி மிதிச்சா பின் சக்கரத்து ஹப்புக்குள்ளயே பிரேக் பிடிக்கும், இறங்கி முடிக்கிறதுக்குள்ள உள்ள இருக்கிற கிரீஸ் எல்லாம் சூட்டுல பொகைஞ்சு போயிடும், ஒவ்வொரு தடவையும் ஹப்ப பிரிச்சு புதுசா கிரீஸ் அடைக்கணும். கிரீஸ் திரும்ப அடைக்கிறதுங்கிறதுதான் பேராவே ஆயிடுச்சு. டவுன்ஹில்லுக்கு அதிகாரப்பூர்வமான உலக சாம்பியன்ஷிப் வந்தது 1990ல, அதுவும் அமெரிக்காலதான், டுராங்கோ ஊர்ல.

எந்த மாதிரி சைக்கிள் வேணும்?

அவங்க ஓட்டுறது டவுன்ஹில்லுக்குன்னே செஞ்சது. முன்னாடி ஃபோர்க்கும் பின்னாடி ஷாக்கும் 200 மில்லிமீட்டர் அமுங்கும், அதாவது கிட்டத்தட்ட ஒரு ஜாண். முன் ஃபோர்க்கு மோட்டார் பைக் மாதிரி மேலயும் கீழயும் ரெண்டு இடத்துல பிடிச்சிருக்கும். பிரேக்கு ஆயில்ல வேலை செய்யற டிஸ்க், தட்டு 200 மில்லிமீட்டர் அளவு. எடை சுமார் 15லருந்து 17 கிலோ. முன் சக்கரம் நல்லா முன்னாடி தள்ளி இருக்கும், பாத்தா ஏதோ இழுத்து விட்ட மாதிரி தெரியும், ஆனா செங்குத்தா இறங்கும்போது அதுதான் உங்கள தலைகுப்புற விழாம காப்பாத்தும். ஏத்தத்துல மிதிக்க இது லாயக்கில்ல, சீட்டு அவ்ளோ கீழ இருக்கும். விலை லட்சக்கணக்குல, அந்தக் காசுக்கு நல்ல சீமைப் பசு ரெண்டு மூணு வாங்கிடலாம்னு எங்க மாமா சொல்லுவாரு, அவரு சொல்றதும் நியாயம்தான்.

காட்டு ரேஸுக்கு வெச்ச செட்டிங்க அப்படியே டவுனுக்கு வெக்க மாட்டாங்க. தரை கான்கிரீட்டு, கல்லு, அதனால டயர்ல காத்து கொஞ்சம் கூட வெப்பாங்க, இல்லன்னா படி விளிம்புல ரிம்மு இடிச்சு நசுங்கிடும். பெரிய பெரிய பொத்தான் மாதிரி இருக்கிற டயர் மண்ணுக்குத்தான் நல்லது, சிமெண்ட்ல அது வளைஞ்சு வழுக்கும். சஸ்பென்ஷனையும் இறுக்கி வெப்பாங்க.

பிளஸ் ஒன்ல குடுத்த அரசாங்க சைக்கிள்ல பண்ணலாமா?

வேணாம் தம்பி. அது நல்ல சைக்கிள், பள்ளிக்கூடம் போக, மாவு மில்லுக்குப் போக, தங்கச்சிய பின்னாடி உக்கார வெச்சு போக. படிக்கட்டுல இறக்குனா முதல்ல கூடை போகும், அப்புறம் போக்ஸ் கம்பி, அப்புறம் உங்க பல்லு. பிரேக் கட்டை ரிம்ம பிடிக்கிற சைக்கிள்ல ரிம்மு ஒரு தடவை கோட்டம் ஆயிடுச்சுன்னா பிரேக்கும் போச்சு, ரெண்டும் ஒன்னோட ஒன்னு.

கடைல கம்மி விலைக்கு டபுள் சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக் எல்லாம் வெச்ச சைக்கிள் இருக்கே?

இதுக்குத்தான் எனக்கு கோவமே வரும். பாக்க அப்படியே இருக்கும், ஆனா நடுவுல இருக்கிற ஷாக்கு வெறும் ஸ்பிரிங்கு, அமுங்குனா அதே வேகத்துல திருப்பி தூக்கி அடிக்கும். நல்ல ஷாக்குல ஸ்பிரிங்கோட ஆயிலும் இருக்கும், அந்த ஆயிலு சின்ன ஓட்டை வழியா மெதுவா ஓடறதுனாலதான் திரும்பி வர்ற வேகம் அடங்குது. அது இல்லாத சைக்கிள்ல நாலு படி இறங்குனா அஞ்சாவது படில உங்கள குதிரை உதைச்ச மாதிரி உதைக்கும். அதுக்கு பதிலா, பின்னாடி சஸ்பென்ஷனே இல்லாத, முன்னாடி மட்டும் உருப்படியான ஃபோர்க் இருக்கிற, ஆயில் டிஸ்க் பிரேக் இருக்கிற எம்டிபி, அதாவது மவுண்டன் பைக் ஒன்னு செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சா எடுங்க. இங்க கிடைக்கலன்னா பெங்களூர் தொண்ணூறு கிலோமீட்டர்தானே, நாங்க எல்லாம் பஸ் ஏறிப் போய் அங்கருந்து வாங்கி வந்தவங்கதான். அதுலயும் படி இறங்கலாம், சின்ன சின்னதா. மாடிலருந்து குதிக்க முடியாது.

படிக்கட்டுல எப்படி விழாம இறங்குறாங்க?

மெதுவா போனாதான் விழுவீங்க, கேக்க கிறுக்குத்தனமா இருக்கும் ஆனா அதுதான் உண்மை. 29 இன்ச் சக்கரம் டயரோட சேத்து முக்கால் மீட்டர் உயரம் கிட்ட வரும், ஒரு படி அகலம் ஒரு அடி. மெதுவா போனா சக்கரம் ஒவ்வொரு படிலயும் முழுசா இறங்கி இறங்கி இடிக்கும், கொஞ்சம் வேகம் இருந்தா படி விளிம்ப மட்டும் தொட்டுட்டு ஓடிடும், கூழாங்கல் மேல ஓடுற மாதிரி ஒரே தடதடப்புதான். சீட்டுல உக்காரக் கூடாது, ரெண்டு பெடலும் ஒரே மட்டத்துல, முட்டியும் முழங்கையும் மடங்கி தளர்வா, இடுப்பு கொஞ்சம் பின்னாடி, கண்ணு காலடில இல்லாம பத்து படி முன்னாடி. ஹேண்டில் பார இறுக்கிப் பிடிச்சா கை மரத்துடும், அதுக்கப்புறம் பிரேக் பிடிக்க விரல் வராது.

படி முடிஞ்சு தரை வர்ற இடம்தான் கஷ்டம். அங்க மொத்த எடையும் முன் சக்கரத்துல வந்து உக்காரும். வீடியோல எவன் எங்க விழறான்னு பாருங்க, பாதி பேர் அங்கதான்.

மூணு படி இருக்கிற இடத்துல ஆரம்பிங்க. எங்க ஊர் பசங்க பள்ளிக்கூட மேடைப் படிலதான் பழகுனாங்க, வாட்ச்மேன் அண்ணன்கிட்ட கேட்டுட்டு.

முன் பிரேக் பிடிச்சா தூக்கி அடிச்சிடும்னு வீட்ல சொல்றாங்களே, பின் பிரேக் மட்டும் பிடிச்சா போதாதா?

நானும் அப்படித்தான் வளந்தேன், அதுக்கு வெல குடுத்தேன், அந்தக் கதைய சொல்லிடறேன்.

நாலஞ்சு வருஷம் முன்னாடி, மார்கழி மாசம், காலைல ஆறரை மணி இருக்கும். கிருஷ்ணகிரி கோட்டை மலை அடிவாரத்துல ஒரு இறக்கச் சந்து, ஆள் இல்லன்னு நெனச்சு விட்டேன். பின் பிரேக்கு மட்டும்தான் பிடிச்சிட்டு வரேன். திருப்பத்துல ஒரு பாட்டி வாசல்ல அப்பத்தான் சாணி தெளிச்சு அது மேல பெருசா கலர் கோலம் போட்டிருக்காங்க. ஈரச் சாணி, அதுக்கு மேல மொழுமொழுன்னு கோலப்பொடி, அதுக்குக் கீழ வழவழ சிமெண்ட்டு. பின் சக்கரம் பூட்டிக்கிச்சு, சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், வழுக்கிட்டே போய் அவங்க கட்டில்ல காய வெச்சிருந்த வடகம் மேல விழுந்தேன். முழங்கை பூரா சிராய்ப்பு, சட்டை பூரா வடக மாவு. பாட்டி திட்டுனதுல பாதிய இங்க எழுத முடியாது. ஆனா கடைசியா ஒன்னு சொன்னாங்க பாருங்க, "எருது விடறவன் கூட தண்டோரா போட்டு தெருவுல கட்டை கட்டிட்டுதான் விடறான், உனக்கு என்னடா கேடு, சொல்லாம கொள்ளாம வர்ற". எனக்கு அது அப்ப உறைக்கல, அப்புறம்தான் உறைச்சது. அத பெர்மிஷன் கேள்வில சொல்றேன்.

இப்ப பிரேக்குக்கு வருவோம். பிரேக் பிடிச்சதும் எடை முன்னாடி சாயுது, பின் சக்கரம் லேசாகுது, லேசான சக்கரம் தரைய பிடிக்காது, அதனால பூட்டிக்கிட்டு வழுக்குது. நிறுத்துற வேலைல பெரும்பங்கு முன் பிரேக்குதான். தூக்கி அடிக்கிறது எப்பன்னா, வெடுக்குன்னு பிடிச்சாலோ, கை நேரா விறைப்பா இருந்தாலோ. ஒரே ஒரு விரல்ல, கொஞ்சம் கொஞ்சமா, இடுப்ப பின்னாடி தள்ளிட்டு பிடிச்சு பழகுங்க. வழுக்குற இடம் வர்றதுக்கு முன்னாடியே பிரேக் வேலை முடிஞ்சிருக்கணும், ஈரத்து மேல, பெயிண்ட் கோட்டு மேல, இரும்பு மூடி மேல முன் பிரேக்க தொடவே கூடாது.

கணக்கும் கொஞ்சம் பாருங்க. மணிக்கு 50 கிலோமீட்டர்ல போறீங்கன்னா ஒரு நொடிக்கு 14 மீட்டர் ஓடறீங்க. ஒரு ஆடு குறுக்க வருதுன்னு கண்ணு பாத்து கை பிரேக்க அமுக்க ஒரு நொடி, அதுக்குள்ள 14 மீட்டர் போச்சு, அப்புறம் காஞ்ச சமதரைல நல்லா பிடிச்சாலும் நிக்க இன்னும் ஒரு 20 மீட்டர். இறக்கத்துல அதுக்கு மேலயும் ஆகும். நம்ம சந்துல 35 மீட்டர் நேரா தெரியற இடம் எங்க இருக்கு?

ஜம்ப் எவ்ளோ உயரத்துலருந்து பண்ணலாம்?

ரெண்டு மீட்டர் உயரத்துலருந்து சமதரைல குதிச்சா தரைய தொடும்போது கீழ்நோக்குன வேகம் மணிக்கு 22 கிலோமீட்டர். அந்த வேகத்துல ஒரு சுவர்ல முட்டுற மாதிரிதான் அது. அப்ப அவங்க மட்டும் எப்படி மாடிலருந்து வந்தும் சிரிச்சிட்டுப் போறாங்கன்னா, விழற இடம் சமதரை இல்ல, சரிவு. சரிவா இருந்தா விழற வேகம் ஓடற வேகத்தோட கலந்துடும். அதனால ஜம்ப்போட உயரத்த பாக்காதீங்க, இறங்குற இடத்த பாருங்க. சரிவு இல்லன்னா திண்ணை உயரம் கூட வேணாம்.

நம்ம பக்கம் எந்த இடம் இதுக்கு சரியா வரும்?

உள்ளத சொல்லிடறேன், தர்மபுரி டவுன் சமதரை. நாலு ரோட்டுலருந்து எந்தப் பக்கம் போனாலும் பெரிய இறக்கமே கிடையாது. தர்மபுரி பசங்களுக்கு வத்தல்மலை ரோடு இருக்கு, கொண்டை ஊசி வளைவா இருக்கும், ஏறி இறங்கி பிரேக் பழக அத விட நல்ல இடம் கிடையாது, ஆனா அது மலை ரோடு, ஊருக்குள்ள வர்ற டவுன்ஹில் ஆகாது. அதுவும் மேல மிதிச்சு ஏறிட்டு இறங்குங்க, டெம்போல ஏத்திட்டுப் போய் இறங்குறவனுக்கு பாதை மனசுல நிக்காது.

கிருஷ்ணகிரில கோட்டை மலை ஊர் மேலயே நிக்குது, பழையபேட்டை அதோட காலடில. பாத்தா கை துறுதுறுங்கும். ஆனா கோட்டை பாதுகாக்கப்பட்ட சின்னம், 1791ல இங்கிலீஷ்காரன் பட்டாளத்தோட வந்தே மேல இருந்து உருட்டி விட்ட கல்லுல அடிபட்டு திரும்பிப் போன மலை அது, அந்தப் படில சைக்கிள் ஓட்டி விளிம்பு உடைக்கிறது அசிங்கம். ராயக்கோட்டைக்கும் அதே பேச்சுதான். ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலைப் படியும் கேக்குறாங்க, செருப்பு கழட்டிட்டு சாமி பாக்க ஏறுற இடத்துல சைக்கிள் விடறதா, விடுங்கப்பா.

மிச்சம் என்னன்னா, மலை அடிவாரத்து குடியிருப்புச் சந்துங்க. வல்பராய்சோ அளவு இறக்கம் கிடைக்காது. 300, 400 மீட்டர் நீளத்துல ஒரு நிமிஷத்து பாதை கிடைக்கும், நடுவுல பலகைல ரெண்டு மூணு சறுக்கு போட்டா போதும். எருதுக்கு அந்த தூரமே தாராளம், நமக்கு மட்டும் பத்தாதா?

தொப்பூர் கணவாய்ல விட்டா எப்படி இருக்கும்?

செத்துடுவீங்க. அது தேசிய நெடுஞ்சாலை, லாரி பிரேக் பிடிக்காம எத்தனை வண்டி அங்க போயிருக்குன்னு உங்களுக்கே தெரியும். லாரிக்கு ஏன் பிரேக் போகுது? இறக்கத்துல விடாம பிடிச்சிட்டே வந்தா சூடு ஏறி பிடிப்பு விட்டுடுது. சைக்கிளுக்கும் அதே கதை, நீங்களும் சைக்கிளும் சேந்து 100 கிலோன்னு வெச்சுக்கோங்க, 100 மீட்டர் உயரம் இறங்குனா வர்ற சக்தி கால் லிட்டருக்கு மேல தண்ணிய கொதிக்க வெக்கும், காத்துல போனது போக மீதி எல்லாம் அந்த ரெண்டு சின்ன தட்டுலதான் இறங்குது. லாரிக்காவது கியர குறைச்சு இஞ்சின்லயே வேகத்த பிடிக்கலாம், நமக்கு அதுவும் இல்ல. அதனாலதான் ஓட்டத் தெரிஞ்சவன் பிரேக்க உரசிட்டே வர மாட்டான், திருப்பத்துக்கு முன்னாடி பலமா ஒரு பிடி, அப்புறம் முழுசா விட்டுடுவான், தட்டு ஆறட்டும்னு.

போலீஸ் பிடிப்பாங்களா? சைக்கிளுக்கு லைசென்ஸே இல்லையே?

லைசென்ஸ் இல்ல, ஆனா சட்டம் இருக்கு. பொது வழில அடுத்தவன் உயிருக்கு ஆபத்து வர்ற மாதிரி கண்மூடித்தனமா எந்த வண்டி ஓட்டுனாலும் குத்தம், சைக்கிள் மட்டும் தனி இல்ல. முன்னாடி ஐபிசி 279, 2024 ஜூலைலருந்து பாரதிய நியாய சன்ஹிதா 281, ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ஆயிரம் ரூபாய் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். யாருக்காவது அடிபட்டா கேஸ் இன்னும் பெருசாகும்.

சரி, முறையா நடத்தணும்னா என்ன பண்ணணும்?

இங்கதான் பாட்டி சொன்னது. எருது விடும் விழா நடத்துற ஊர்க்காரங்க என்ன பண்றாங்கன்னு பாருங்க, உங்களுக்கு தனியா யாரும் கிளாஸ் எடுக்க வேணாம். கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கறாங்க, வருவாய்த்துறை, போலீஸ், கால்நடை டாக்டர் எல்லாரும் வந்து இடத்த பாக்கறாங்க, ரெண்டு பக்கமும் தடுப்பு கட்டறாங்க, ஆம்புலன்ஸ் நிறுத்தறாங்க, அதுக்கும் முன்னாடி ஊர்ல உக்காந்து பேசி முடிவு பண்றாங்க. சைக்கிள்ல கால்நடை டாக்டர் மட்டும் தேவையில்ல, எங்க குரூப்ல ரெண்டு பேருக்கு தேவைப்படும்னு நெனக்கிறேன்.

ஆனா பெர்மிஷன் பேப்பர விட பெருசு தெரு. ஒரு சந்துல நாப்பது வீடு இருந்தா நாப்பது வீட்டு கதவும் பாதைல திறக்குது. உள்ளருந்து ஒரு குழந்தை ஓடி வந்தா என்ன பண்ணுவீங்க? அதனால வீடு வீடா போகணும். எந்த வீட்ல வயசானவங்க படுத்திருக்காங்க, யாருக்கு அன்னைக்கு ஆஸ்பத்திரி போகணும், யார் வீட்ல விசேஷம், பால்காரர் எத்தனை மணிக்கு வராரு, தண்ணி எந்த நாள்ல விடறாங்க, எல்லாம் கேட்டு எழுதிக்கணும். தண்ணி விடற நாள்ல எந்தக் கொம்பனாலயும் தெருவ மூட முடியாது, குடம் வரிசைல நின்னுடும். அறுவடை சமயம்னா ராகி, கொள்ளு எல்லாம் ரோட்டுல காயும், கொள்ளுச் செடி செயின்ல சுத்துச்சுன்னா கியரே பிஞ்சு வந்துடும், அந்த மாசத்த விட்டுடணும்.

அப்புறம் திருப்பத்துக்கு ஒரு ஆள் விசிலோட. விசில் ஆள் அடுத்த விசில் ஆள கண்ணால பாக்கணும், நடுவுல மறைஞ்சா இன்னொரு ஆள். ஒருத்தர் கைய தூக்குனா மேல ஸ்டார்ட்ட நிறுத்தணும். மின் கம்பம், சுவர் மூலை, திண்ணை விளிம்பு, மோட்டார் ரூம் எல்லாத்துக்கும் பழைய மெத்தை, வைக்கோல் கட்டு. வெளிநாட்டு ரேஸ்லயும் இதேதான் பண்றாங்க, அவங்க மெத்தை மேல ஸ்பான்சர் பேர் எழுதியிருக்கும், நம்மளுது மேல பூப்போட்ட உறை இருக்கும். ஜனங்கள தடுப்புக்கு பின்னாடி நிறுத்துங்க, முக்கியமா திருப்பத்தோட வெளிப்பக்கம் ஒருத்தர் கூட நிக்கக் கூடாது, வழுக்குனா சைக்கிள் போறது அந்தப் பக்கம்தான். செல்ஃபி எடுக்குறவன் சரியா அங்கதான் நிப்பான்.

தெருநாய்ங்கள என்ன பண்றது?

வல்பராய்சோலயும் தெருநாய் தொல்லை ஜாஸ்தி, அந்த ரேஸ் வீடியோல நாய் குறுக்க வர்றது நீங்களே பாத்திருப்பீங்க. நாய் தொரத்துறது வேகமா ஓடுற பொருளத்தான். தெருக்காரங்களுக்கு எந்த நாய் யாருதுன்னு தெரியும், அவங்ககிட்ட சொன்னா பிஸ்கட் காட்டி வீட்டுக்குள்ள கட்டி வெச்சுடுவாங்க. கல்லால அடிச்சு தொரத்துனா திரும்ப வந்து சரியா உங்க ரன்னுலதான் நிக்கும். ஆடு, கோழிக்கும் இதே வழி.

ஹெல்மெட், அடிபட்டா என்ன பண்றது?

வாயையும் தாடையையும் மூடுற முழு ஹெல்மெட் இல்லாம படிக்கட்டு பக்கமே போகாதீங்க. பல பேர் விழறது முகத்துலதான். டவுன்ஹில்லுக்குன்னு தனியா வருது, எடை கம்மி, காத்து போகும். ஆரம்பத்துல பைக்குக்கு வாங்கி வெச்ச ஐஎஸ்ஐ முழு ஹெல்மெட் இருந்தா அத போட்டு ஓட்டுங்க, வேர்த்து ஊத்தும், பரவால்ல, ஒன்னுமே இல்லாததுக்கு அது ஆயிரம் மடங்கு மேல். ஒரு தடவை பலமா அடி வாங்குன ஹெல்மெட்ட தூக்கிப் போட்டுடணும், வெளிய கீறல் மட்டும்தான் தெரியும், உள்ள நுரை நசுங்கியிருக்கும். முட்டி, முழங்கை கார்டு, முழு விரல் கிளவுஸ். செருப்பு போட்டு வந்தா நான் ஓட்ட விட மாட்டேன்.

தலைல அடிபட்டு கொஞ்ச நேரம் தடுமாறுனாலோ, வாந்தி வந்தாலோ, அதே கேள்விய திரும்பத் திரும்ப கேட்டாலோ 108க்கு அடிங்க, "ஒன்னும் இல்லண்ணா"ன்னு அவன் சொல்றத நம்பாதீங்க. அன்னைக்கு திரும்ப சைக்கிள் ஏறக் கூடாது. கைய ஊனி விழுந்தா மணிக்கட்டும் காரை எலும்பும்தான் முதல்ல போகும். நம்ம பக்கம் எலும்பு உடைஞ்சா உடனே புத்தூர் கட்டுக்கு வண்டி ஏறிடுவாங்க, உங்க நம்பிக்கைல நான் குறுக்க வரல, ஆனா முதல்ல ஜிஎச்ல ஒரு எக்ஸ்ரே எடுங்க, எலும்பு நகர்ந்திருக்கா, நரம்புல அழுத்துதான்னு வெளிலருந்து கைய வெச்சு பாத்தா தெரியாது.

பொண்ணுங்க ஓட்டலாமா?

இது என்ன கேள்வி. உலக சாம்பியன்ஷிப்ல பெண்கள் பிரிவு 1990 முதல் ரேஸ்லருந்தே இருக்கு.

இதுல பெரிய ஆளா ஆகணும்னா வழி என்ன, ஒலிம்பிக்ஸ்ல இருக்கா?

டவுன்ஹில் ஒலிம்பிக்ஸ்ல இல்ல. 1996 அட்லாண்டாலருந்து மவுண்டன் பைக்குல கிராஸ் கன்ட்ரி மட்டும்தான் இருக்கு, அதுல ஏத்தமும் மிதிக்கணும். நம்ம நாட்டுல சைக்கிள் விளையாட்ட பாத்துக்கறது சைக்கிளிங் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா, அவங்க தேசிய எம்டிபி சாம்பியன்ஷிப் நடத்துறாங்க, அதுக்கு மாநில சங்கம் மூலமாத்தான் போகணும். உண்மையிலேயே ஆசை இருந்தா கிராஸ் கன்ட்ரிலயே ஆரம்பிங்க. கால்ல பலம், மூச்சு, சைக்கிள் மேல பிடிப்பு எல்லாம் அதுல வந்துடும், ஊருக்குள்ள நடக்குற ரேஸ் வருஷத்துக்கு ஒன்னு ரெண்டு திருவிழா மாதிரி, அத நம்பி மட்டும் யாரும் பொழைக்க முடியாது.

ரேஸுக்கு முன்னாடி சைக்கிள்ல என்ன பாக்கணும்?

முன் பிரேக்க பிடிச்சிட்டு சைக்கிள முன்னும் பின்னும் ஆட்டுங்க, கடகடன்னு ஆடுனா ஹேண்டில் கீழ இருக்கிற பேரிங் லூசு. சக்கரத்த சுத்தி விட்டு கோட்டம் இருக்கான்னு பாருங்க, போக்ஸ் கம்பிய ஒவ்வொன்னா தட்டுங்க, ஒன்னு மட்டும் தொளதொளன்னு சத்தம் போட்டா அதுதான் அறுந்து போகப் போறது. டிஸ்க் தட்டுல எண்ணெய் கை படக் கூடாது, செயினுக்கு ஆயில் அடிக்கும்போது தெறிச்சுதுன்னா பிரேக் மொத்தமா போயிடும், எனக்கு ஆயிருக்கு. ஹேண்டில் முனைல ரப்பர் மூடி இல்லாத சைக்கிள் வேணவே வேணாம், விழுந்தா அந்தக் குழாய் வயித்துல இறங்கிடும்.

நீங்க எப்பதான் நடத்தப் போறீங்க?

ஒரு சந்து பாத்து வெச்சிருக்கோம், எந்தச் சந்துன்னு இப்ப சொல்ல மாட்டேன், சொன்னா நாளைக்கே நீங்க போய் விட்டுப் பாப்பீங்க. இதுவரைக்கும் முப்பத்தி ஒரு வீட்ல பேசியாச்சு, ரெண்டு வீட்ல முடியாதுன்னுட்டாங்க, அதுல ஒருத்தர் மாமியார் ஊருக்குப் போயிருந்தா சரின்னு சொல்லியிருக்காரு. மனு இன்னும் எழுதல, தெரு மொத்தமும் சரின்னு சொன்ன பிறகுதான் எழுதணும்னு வெச்சிருக்கோம். வடகப் பாட்டி வீடும் அந்தப் பாதைலதான் வருது. அவங்க திண்ணைலதான் உக்காந்து பாப்பேன், மாடிக்கெல்லாம் ஏற முடியாதுன்னு அடம் பிடிக்கிறாங்க, திண்ணை இருக்கிறதோ திருப்பத்தோட வெளிப்பக்கம். திண்ணைக்கு முன்னாடி எத்தனை வைக்கோல் கட்டு அடுக்குனா போதும்னுதான் இப்ப எங்களுக்குள்ள சண்டை.